டேப்பட் கவர் பேக்கிங் மாற்றினேன், வண்டி உதற ஆரம்பித்தது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலிலேயே வைத்து என் காருக்கு டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங் மாற்றினேன். பன்னிரண்டு வருட வண்டி. பேக்கிங் ரப்பர் இறுகிப்போய் ஆயில் கசிந்து எக்ஸாஸ்ட் மேல் சொட்டி, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கருகிய வாடை உள்ளே வந்துகொண்டிருந்தது. மாற்றியதும் கசிவு நின்றது, ஆனால் ஸ்டார்ட் செய்தால் வண்டி உதறுகிறது. ஆர்பிஎம் முள் 600-க்கும் 950-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, கியர் பக்கத்தில் வைத்த பாட்டிலில் தண்ணீர் நடுங்குகிறது, இரண்டு தடவை சிக்னலில் ஆஃப் ஆகிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் போதும், எல்லாம் அடங்கிச் சீராக ஓடுகிறது.

வேலைக்கு முன்னால் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றியிருந்தேன். அப்படிக் கழற்றினால் சில வண்டிகளில் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) பழகி வைத்திருந்த ஐட்லிங் கணக்கு, அதாவது மிதிக்காமல் ஓடும்போதைய கணக்கு, அழிந்துபோய், திரும்பப் பழகும்வரை கொஞ்சம் தடுமாறும். அதனால்தான் என்று நினைத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். மாறவில்லை.

அடுத்து சந்தேகம் பிளக்கில் பொறி வரவைக்கும் காயில் மேல். கவரைக் கழற்ற நாலு காயிலையும் வெளியே எடுத்திருந்தேன், ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் "நாலையும் மாத்திடுங்க சார்" என்றார்கள். நாலு காயில் என்பது சின்னப் பணம் இல்லை, சோதிக்காமல் வாங்க மனம் வரவில்லை. இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது பெட்ரோல் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒரு தடவை பிடுங்கி மாட்டினேன். காயில் ஒயரைப் பிடுங்காதீர்கள், அதில் ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோலும் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்குப் போகும். கெட்ட சிலிண்டராக இருந்தால் அதன் கனெக்டரை எடுத்தாலும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. எனக்கு நாலிலும் ஒரே அளவு தடுமாறியது, அதாவது நாலு சிலிண்டரும் வேலை செய்கின்றன. பிளக், காயில் எல்லாவற்றின் மேலும் இருந்த சந்தேகத்தை அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்று கோடு வந்தது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கோடை மட்டும் பார்த்து பெட்ரோல் பம்ப்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும், ஃப்யூயல் ட்ரிம்மையும் (ஈசியூ தன் கணக்குக்கு மேல் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம்) சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஐட்லிங்கில் 23 சதவீதம் கூடுதல், 2,500 ஆர்பிஎம்மில் வெறும் 5. பம்ப்போ ஃபில்டரோ கோளாறு என்றால் வேகம் கூடக்கூட அந்த எண்ணும் கூடும், இங்கே குறைகிறது. ஐட்லிங்கில், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், இன்ஜினுக்குள் போகும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டை வழியாக சென்சார் கணக்கில் வராமல் நுழையும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடுகிறது. மிதித்தால் மொத்தக் காற்று பல மடங்காகி ஓட்டையின் பங்கு ஒன்றுமில்லாமல் போகிறது. மிதித்தால் சரியாகிறது என்பதே பாதி விடை, முதல் நாளே அதைப் பிடித்திருக்க வேண்டும். (இது காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்கு. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் ட்ரிம் இவ்வளவு தெளிவாகக் காட்டாது, பெரும்பாலும் ஐட்லிங் கூடிப்போய் நிற்கும்.)

ஓட்டை எங்கே என்பதுதான் பாக்கி. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னேன். "கழட்டும்போது எந்த ஓஸையெல்லாம் உருவுனீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டு இரண்டடி ரப்பர் டியூப் ஒன்றைக் கொடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஓஸ் ஓஸாக, ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் நகர்த்த வேண்டும். இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை டேப்பட் கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குக் (சிலிண்டர்களுக்குக் காற்று பிரியும் குழாய்) கொண்டுபோகும் பிசிவி ஓஸின் வளைவில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று தெளிவாகக் கேட்டது. துணியைச் சுற்றி மேனிஃபோல்டு பக்கம் பிளையரால் அந்த ஓஸை நசுக்கினேன், உதறல் உடனே நின்றது.

கழற்றிப் பார்த்தால் வளைவின் அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத இடத்தில், நகம் நீளத்துக்குப் பிளவு. சூட்டில் காய்ந்த ரப்பரை நான் முறுக்கி இழுத்ததில் விட்டிருக்கிறது. டேப் சுற்றினால் ஆயில் ஆவியில் பசை விட்டுவிடும், தண்ணீர் ஓஸ் போட்டால் ஊறி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அந்த வண்டிக்கான ஓஸையே வாங்கிப் போட்டேன். இப்போது முள் 750-ல் நிற்கிறது, ட்ரிம் 3-க்குள்.

பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஓஸுக்கும் அதே வயசுதான், விரலால் அழுத்தினால் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. அதற்கும் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முறுக்கி இழுக்கப்போவதில்லை, பழைய ஓஸைப் பிளேடால் நீளவாக்கில் கீறித்தான் எடுக்கப்போகிறேன்.