சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

மே 6, காலை

நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த சிரிஞ்சுதான் தெரிகிறது.

நேற்று ராத்திரி வார்டில் 22 பேர், நாங்கள் இரண்டே பேர். பத்து மணி மருந்து நேரம். ஏழாம் படுக்கைப் பாட்டிக்கு இன்சுலின் 20 யூனிட். வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பி, மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் போட வேண்டும். நான் எடுத்தது சிவப்பு மூடி. அது மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் அரை மில்லி வரும். பாட்டி உடம்பில் 50 யூனிட் ஏறியிருக்கும். ராத்திரி சர்க்கரை இறங்கிக் கிடந்தால் தூங்குகிறார் என்றுதானே நினைத்திருப்பேன்?

எடுக்கும்போது எட்டாம் படுக்கை வங்காளத்து அம்மா “ஜோல், ஜோல்” என்று தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் படுக்கையில் டிரிப்ஸ் நின்றுவிட்டது. செக் பண்ண வந்த அக்கா கையைப் பிடித்தார். “ஏய், மூடியைப் பாரு.”

அப்புறம் காலை வரைக்கும் ஒவ்வொரு மருந்தையும் மூன்று தடவை பார்த்தேன்.

மே 7

ஆஃப். அக்னி வெயில், வேலூரில் சொல்லவே வேண்டாம். பொழுது சாய்ந்ததும் கோட்டை அகழி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று என் கையைப் பிடித்த வார்டு அக்காவுக்குப் போன் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் ஒரு ஆளுக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொண்டுபோனாராம். இத்தனை வருஷமாக அதை யாரிடமும் சொன்னதில்லையாம். “நீ நாளைக்கே இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட எழுதிக் கொடு” என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன்.

மே 9

எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் திட்டவில்லை. அன்றைக்கு டியூட்டியில் எத்தனை பேர் என்று முதலில் கேட்டார். இரண்டு நிறமும் ஒரே டிரேயில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் தனித்தனி டப்பா வைத்தார்.

மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பும் இருக்கிறதாம். போவேன், நல்லதுதான். ஆனால் அன்று என்னைக் காப்பாற்றியது பக்கத்தில் இருந்த இன்னொரு ஆள். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கைப் படிக்கும்போதே மனப்பாடம் செய்தோம். வேலைச் சோர்வு தனி நோய் இல்லை, சமாளிக்க முடியாமல் நீளும் பணியிட அழுத்தத்தால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நான் பலவீனமானவள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ள அது உதவுகிறது.

மே 12

செவிலியர் தினம். நைட்டிங்கேலைப் பற்றியும், 1909இல் இதே ஊரில் செவிலியர் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கட்டரைப் பற்றியும் பேசினார்கள். கேட்க நிறைவாக இருந்தது. ராத்திரி டியூட்டிக்கு மூன்றாவது ஆள் வேண்டும் என்பதையும் அந்த மேடையில் யாராவது சொல்லியிருக்கலாம்.

பாட்டிக்கு இன்று டிஸ்சார்ஜ். பேத்திதான் வீட்டில் ஊசி போடப் போகிறாள். உட்காரவைத்து இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்தேன். மூன்று தடவை எடுக்கச் சொன்னேன், மூன்று தடவையும் சரி. போகும்போது லிஃப்ட் பக்கத்திலிருந்து கத்தினாள்: “ஆரஞ்சுதானே சிஸ்டர்?”

“ஆரஞ்சுதான்மா.”