சரி போடாத கட்டம்

இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால், என்ன காரணத்தால் இறந்தார் என்று டொக்டர் எழுதிக் கையெழுத்து வைக்கும் படிவம் ஒன்று உண்டு. அந்தப் பழைய படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. இறந்தவர் எப்போதாவது செய்த தொழில் இந்த மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று டொக்டர் நினைத்தால் அதில் சரி போடவேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர்கள், அஸ்பெஸ்டஸ் தூசியைச் சுவாசித்தவர்கள் போன்றவர்களுக்காக அச்சடித்தது. 2020 மார்ச், ஏப்ரலில் என் மேசையைத் தாண்டிப்போன கோவிட் படிவங்களில் ஒன்றில்கூட அந்தக் கட்டத்தில் சரி விழுந்ததை நான் காணவில்லை.

என் வேலைக்கு இங்கே பெரீவ்மென்ட் ஒபிஸ் வேலை என்று பெயர். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் பத்திரங்களைக் கவனிக்கும் அறை. வார்டில் உயிர் போனதும் கோப்பு எங்களிடம் வரும். டொக்டரைத் துரத்திப் பிடித்துப் படிவம் எழுதுவிப்பது, பிழை இருந்தால் திருப்பி அனுப்புவது, குடும்பத்தைக் கூப்பிட்டு உறையைக் கொடுப்பது, மோதிரம், மூக்குக்கண்ணாடி, பல்செட் எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஆஸ்பத்திரி கிளார்க் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். செத்தவீட்டு வேலை என்று தெரிந்தால் ஒவ்வொரு நாளும் போனில் “தோய்ஞ்சனியோ?” என்று கேட்பா.

2020 மார்ச் 25இல் கொரோனா வைரஸ் சட்டம் வந்தது. குடும்பத்தார் நேரில் வரத் தேவையில்லை, படிவத்தை ஸ்கேன் செய்து பதிவாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம், மரணத்தைத் தொலைபேசியிலேயே பதியலாம் என்று ஆனது. அதுவரை என் எதிரே இருந்த கதிரையில் ஆட்கள் வந்து இருந்து அழுவார்கள். ரிஷூப் பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவேன். அந்த வசந்தத்தில் கதிரை வெறுமையாகவே கிடந்தது. எல்லாம் குரல்தான்.

எரிப்பதென்றால் அப்போது இன்னொரு படிவமும் வேண்டும். அதில் இறந்தவரின் தொழிலைக் கேட்பார்கள். நோயாளியின் கோப்பில் சீனிவருத்தம், பிரஷர், குடித்த மருந்து எல்லாம் இருக்கும். தொழில் இராது. டொக்டர்மாருக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். ஆகவே அந்தக் கேள்வி என் வாய்க்கு வந்து சேர்ந்தது.

பஸ் ஓட்டினவர். மினிகாப். விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் தொழிற்சாலை. சுப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை. முதியோர் இல்லத்தில் கெயாரர். செக்யூரிட்டி. மறுபடியும் பஸ். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை ஒன்றை எவராவது சொல்லமாட்டார்களா என்று ஒருநாள் பின்னேரம் காத்திருந்தது ஞாபகம். எல்லோரும் ஓய்வுபெறும் வயதுக்கு முந்தியவர்கள்.

ஒரு தமிழ் அம்மா. என் பெயரைக் கேட்டதும் ஆங்கிலத்தை விட்டுவிட்டா.

“என்ரை மனுசன் வாத்தியார், பிள்ளை. கணக்குப் படிப்பிச்சவர். அதைப் போடுங்கோ.”

“இஞ்சை என்ன செய்தவர் அம்மா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பெற்றோல் ஸ்ரேசனிலை. இரவு.”

கடைசியாகச் செய்த தொழில் எது என்றுதான் படிவம் கேட்டது. நான் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவவுக்கு வேறொரு கவலை: செத்தவீட்டுக்கு 10 பேர்தான் என்கிறார்கள், பிள்ளைகளும் மருமக்களுமே 11 பேர், யாரை விடுவது? அந்தக் கணக்கை நான் தீர்க்கமுடியாது. வாத்தியார் இருந்தாலும் தீர்த்திருக்க மாட்டார்.

மே 11ஆம் தேதி தேசிய புள்ளிவிவர அலுவலகம் தொழில்வாரியாக ஒரு பட்டியல் வெளியிட்டது. உழைக்கும் வயது ஆண்களில் ஒரு லட்சத்துக்கு 9.9 பேர் கோவிட்டால் இறந்திருந்தார்கள். செக்யூரிட்டி வேலை செய்தவர்களில் 45.7. டாக்சி ஓட்டுநர்களில் 36.4, சமையல்காரர்களில் 35.9, பஸ் ஓட்டுநர்களில் 26.4. மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். புதிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு வரிக்கும் எனக்கு ஒரு குரல் தெரிந்திருந்தது.

அதற்கு நாலு நாள் முன்பு இன வாரியான கணக்கு வந்திருந்தது. வயதைச் சமப்படுத்திப் பார்த்தால் கறுப்பின ஆண்கள் வெள்ளையர்களைவிட 4.2 மடங்கு, பெண்கள் 4.3 மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். குடியிருக்கும் இடம், ஏழ்மை, வீட்டு நிலைமை, உடல்நலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபின் அது 1.9ஆக இறங்கியது. வங்காளதேச, பாகிஸ்தானிய ஆண்களுக்கு 1.8. பத்திரிகைகள் முதல் எண்ணைத் தலைப்பில் போட்டன. நான் நின்று பார்த்தது இறக்கத்தை. பாதிக்கு மேல் போய்விட்டது, அதாவது பாதிக்கு மேல் தோலின் அடியில் இல்லை, தெருவிலும் வீட்டிலும் இருக்கிறது என்று அந்தக் கணக்கே சொல்லிக்கொண்டிருந்தது. வங்காளதேசக் குடும்பங்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று இட நெருக்கடியான வீட்டில் இருக்கிறது. வெள்ளை பிரித்தானியரில் அது நூற்றுக்கு இரண்டு. சுகமில்லை என்று வீட்டில் நின்றால் சட்டப்படி கிடைக்கும் நோய்க்காலப் பணம் அப்போது கிழமைக்கு 95 பவுண் 85 பென்ஸ். லண்டன் வாடகை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்த இனக் கணக்கை எப்படி எடுத்தார்கள் என்று வெளியில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கு உடனே கேள்வி வந்தது, ஏனென்றால் எங்கள் படிவத்தில் அப்போது இனம் என்ற வரியே இல்லை. பதிவாளரும் பிறந்த இடம் கேட்பார், இனம் கேட்கமாட்டார். இறந்தவர்களின் பதிவை 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டோடு பொருத்தி, அன்று அவர்கள் தங்களை என்னவென்று குறித்திருந்தார்களோ அதை எடுத்திருக்கிறார்கள். 2011க்குப் பிறகு வந்து இறங்கியவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆஸ்பத்திரிக் கணினியில் மட்டும் இனத்துக்கு ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் வெள்ளை பிரித்தானியர். எச் இந்தியர், ஜே பாகிஸ்தானியர், கே வங்காளதேசத்தவர். இலங்கைத் தமிழருக்குத் தனி எழுத்து இல்லை. எல், ‘வேறு ஆசியர்’. கேட்டும் அவர் சொல்லவில்லை என்றால் இசட். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் போனார்கள் என்று கோயிலில் கேட்பார்கள், உனக்குத் தெரியுமே என்று. எல்லுக்குள் யார் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பெயரைப் பார்த்து எண்ணலாம்தான். எண்ணத் தொடங்கி, ஒரு நாள் நிறுத்திவிட்டேன்.

நான் இருந்தது லண்டனில் பிரென்ட் பகுதியில், வெம்ப்ளிப் பக்கம். வேலைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். ஏப்ரல் நடுப்பகுதிவரையான கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கு 36.2 பேர் இறந்திருந்தார்கள். பிரென்டில் 141.5. நியூஹாமில் அதைவிடக் கொஞ்சம் கூட, 144.3. நியூஹாமில் இருக்கும் ஈஸ்ட்ஹாமும் பிரென்டில் இருக்கும் வெம்ப்ளியும் தமிழ்க் கடைகளுக்குப் பேர்போன இடங்கள். அந்த இரண்டு பெயரும் ஒரு பட்டியலின் உச்சியில் ஒன்றாக நின்றதை அன்றுதான் கண்டேன்.

தேநீர் அறையில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. விற்றமின் டி என்றார் ஒருவர். “உங்கள் ஆட்கள் பெரிய குடும்பமாக இருப்பீர்கள், கட்டிப்பிடிப்பீர்கள்” என்றா இன்னொருவ, அன்பாகத்தான். யாழ்ப்பாணத்தார் கட்டிப்பிடிக்கிறார்களாம். என் அப்பா என்னை ஏர்போட்டில் வழியனுப்பியபோதுகூடத் தோளில் தட்டியதோடு சரி.

இரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. 2021 நவம்பரில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஒரு மரபணுவைச் சுட்டினார்கள். நுரையீரல் செயலிழக்கும் ஆபத்தை இரட்டிப்பாக்கும் அதன் வடிவம் தெற்காசிய வழியினரில் 60 சதவீதத்தினரிடமும் ஐரோப்பியரில் 15 சதவீதத்தினரிடமும் இருக்கிறதாம். ஆனால் ஆபிரிக்க-கரீபிய வழியினரில் அது வெறும் 2 சதவீதம். முதல் அலையில் கூடுதலாகச் செத்தவர்கள் அவர்கள்தானே. இரண்டாம் அலையில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்குமான இடைவெளி குறைந்தது. வங்காளதேச ஆண்கள் 5 மடங்காகப் போனார்கள். சில மாதத்தில் யாருக்கும் இரத்தம் மாறாது. இந்தியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தையும் அந்த மரபணுவை மட்டும் வைத்து விளக்கமுடியாது.

அந்த வங்காளதேசக் குடும்பங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை, அதற்கும் படிவம்தான் காரணம். முஸ்லிம்கள் புதைப்பவர்கள். எரிக்கும் படிவம் அவர்களுக்குத் தேவையில்லை. ஆகவே அவர்களிடம் நான் தொழிலைக் கேட்டதே இல்லை. இன்றைக்கே அடக்கம் செய்யமுடியுமா என்று அவர்கள் கேட்பார்கள், நான் டொக்டரைத் தேடி ஓடுவேன், அவ்வளவுதான். அதே மாதங்களில் எங்கள் இலங்கையில் கோவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்துக்கொண்டிருந்தார்கள். 2021 பெப்ரவரிவரை அது நடந்தது. இங்கே ஒரு மகன் “நன்றி சிஸ்டர், மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம்” என்று சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை.

ஏழ்மையும் வீடும் மட்டும்தான் காரணம் என்று முடிக்கலாம் என்றால் டொக்டர்மார் குறுக்கே வருகிறார்கள். சூடானில் இருந்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஆதில் எல் தையார், காது மூக்கு தொண்டை நிபுணர் அம்ஜத் எல் ஹவ்ரானி, எசெக்ஸில் குடும்ப வைத்தியராக இருந்த ஹபீப் ஸைதி ஆகியோர் மார்ச் கடைசியில் அடுத்தடுத்துப் போனார்கள். முதலில் பெயர் வெளிவந்த 10 டொக்டர்களும் சிறுபான்மை இனத்தவர்கள். தேசிய சுகாதார சேவையில் வேலை செய்தவர்களில் சிறுபான்மையினர் அப்போது 21 சதவீதம். ஏப்ரலில் அதுவரை இறந்த ஊழியர்களை எண்ணிப் பார்த்தபோது 63 சதவீதம் அவர்கள். அந்த டொக்டர்மார் நெருக்கடி வீட்டில் இருந்தவர்கள் அல்ல, சம்பளம் குறைந்தவர்களும் அல்ல.

இதற்கு எனக்குத் தெரிந்த பதில் என்னைப் பற்றியது. முதல் மூன்று கிழமை எங்கள் அறைக்கு மாஸ்க் தரவில்லை. வார்டிலிருந்து இறந்தவர்களின் உடுப்புப் பைகள் வந்துகொண்டிருந்தன, நாங்கள் திறந்து பட்டியல் எழுதினோம். பக்கத்து மேசையில் இருந்த ஆங்கிலேயப் பெண் இரண்டாம் நாளே மேலே போய், தராவிட்டால் பை திறக்கமாட்டேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தா. எனக்கும் கானாவில் பிறந்த மற்ற ஊழியருக்கும் அப்படிக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. தரும்போது தரட்டும் என்று இருந்தோம். கேட்டால் மறுத்திருப்பார்களா என்றால், மறுத்திருக்க மாட்டார்கள். அதுதான் இன்னும் குடைகிறது. விசா காலத்தில் பழகிய பழக்கம், பாஸ்போர்ட் கிடைத்து 12 வருடம் கழித்தும் போகவில்லை. வார்டில் பிலிப்பீன்ஸ் தாதிமாரும் கேரளத் தாதிமாரும் கோவிட் பகுதிக்கு யார் என்று கேட்டால் வாய் திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். பலருடைய விசா வேலை தந்தவரின் கையில் இருந்தது.

பிறகு மே மாதத்தில் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்று வந்தது. வயதுக்கு இத்தனை புள்ளி, சீனிவருத்தத்துக்கு இத்தனை, என் இனத்துக்கு ஒன்று. செத்தவர்களிடம் கேட்காத கேள்வியை உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுப் புள்ளி போட்டார்கள். எனக்கு மொத்தம் இரண்டு. அதனால் ஒன்றும் மாறவில்லை.

ஒரு மகளின் கோபத்தையும் எழுதவேண்டும். விரலில் மாட்டும் ஒக்சிமீட்டர் 94, 95 காட்டியதாம், வீட்டிலேயே இருக்கச் சொன்னார்களாம். அப்பா கறுப்பு நிறம். அம்புலன்ஸ் வந்தபோது உதடு நீலமாம். அந்த ஒருவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் மிச்சிகன் டொக்டர்களின் ஆய்வு வந்தது: கருவி 92க்கும் 96க்கும் இடையில் காட்டியவர்களில், இரத்தத்தை எடுத்து அளந்தால் 88க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். கருவி தோலின் வழியாக ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. தோல் கறுத்தால் அளவு கூடிக் காட்டிவிடுகிறது. இங்கே அரசு ஒரு விசாரணை வைத்து, அதன் அறிக்கை 2024 மார்ச்சில்தான் வெளிவந்தது. அந்த மகளின் தொலைபேசி எண்ணை நான் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் என்னத்தைச் சொல்ல.

2024 செப்டம்பர் 9ஆம் தேதி எங்கள் படிவம் மாறியது. புதிய படிவத்தில் இனம் என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் பெயரைப் பார்த்து ஊகித்து எழுதக்கூடாது, இறந்தவர் உயிரோடு இருக்கும்போது தன் மருத்துவப் பதிவில் சொன்னதைத்தான் எழுதவேண்டும். அதே நாளில் எரிக்கும் படிவத்தை எடுத்துவிட்டார்கள். தொழிலைப் பதிவாளர் கேட்டுக்கொள்வார், எங்களுக்கு அந்தக் கேள்வி இனி இல்லை.

முதல் கிழமையே ஒரு தமிழ்ப் பெயர் வந்தது, 81 வயது. கணினியில் இசட். டொக்டர் ‘தெரியாது’ என்று எழுதினார். மகளைக் கூப்பிட்டேன். எல்லா விவரமும் சொல்லி முடித்தபின், பழக்கதோசத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அம்மா என்ன வேலை செய்தவ?”

“ஏன் அக்கா, அதுவும் படிவத்திலை இருக்கோ?”

“இல்லைத் தங்கச்சி. சும்மா கேட்டனான்.”

அவ சொல்லத் தொடங்கினா. ஊரில் தையல். இங்கே வந்து முதலில் ஒரு உடுப்புத் தொழிற்சாலை, பிறகு பள்ளிக்கூடக் குசினி, பிறகு 66 வயதுவரை ஒரு ஒபிஸ் கட்டடத்தில் விடியற்காலை கிளீனிங். முதல் பஸ்ஸில் போவாவாம், அந்த பஸ்ஸில் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாம்.