சாமி கும்பிடாதவங்கள ஒண்ணா உக்கார வெச்ச கதை

கோயமுத்தூர்ல எங்க குரூப் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகப்போகுது. எப்பிடி பண்ணீங்க, எங்க ஊர்லயும் ஆரம்பிக்கலாமானு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி தொண்ட காஞ்சு போச்சு, அதனால இங்கயே எழுதிடறேன். மொத ஆறு மாசம் சுத்த சொதப்பல்ங்கறத மொதல்லயே ஒத்துக்கறேன்.

எனக்கு இது எதுக்கு தேவப்பட்டுச்சுன்னா, எங்க தெருவுல மாரியம்மன் நோம்பி சாட்டுனா பதினஞ்சு நாளைக்கு ஊரே ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். கம்பம் நடுவாங்க, பசங்க சுத்தி ஆடுவாங்க, பொம்பளைங்க மாவிளக்கு எடுத்துட்டு போவாங்க. நான் நம்பிக்கை போனப்புறம் அதுல கலந்துக்கறதில்ல, உள்ள உக்காந்து மொபைல நோண்டிட்டு இருப்பேன். எனக்கு சாமி இல்லாதது ஒரு குறையா தெரியல, ஆனா அந்தக் கூட்டம் இல்லாதது தெரிஞ்சுச்சு.

"தமிழ்நாட்டுல போய் நாத்திகனுக்கு தனியா எதுக்கு குரூப்பு, அதான் பெரியார் காலத்துல இருந்தே இருக்கே"னு கேக்கறவங்க உண்டு. இருக்குதான். பெரியார் 1925ல குடி அரசு பத்திரிகைய ஆரம்பிச்ச ஈரோடு இங்கிருந்து 100 கிலோமீட்டர்தான். இயக்கக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கேன், மரியாதையும் இருக்கு. ஆனா மேடைல ஒருத்தர் பேசுவாரு, கீழ நூறு பேர் கேப்போம், முடிஞ்சதும் ஒரு டீயக் குடிச்சுட்டு வண்டிய எடுத்துட்டு கெளம்பிடுவோம், பக்கத்து சேர்ல மூணு மணி நேரம் உக்காந்திருந்தவங்க பேர் கூட தெரியாது. கொழந்தையோட வந்த பொம்பளைய நான் பாத்ததே கம்மி.

மொத சந்திப்பு ரேஸ்கோர்ஸ்ல, நடக்கறவங்க போற பாதை ஓரமா. ஏழு பேர் வந்தாங்க, நான் ஒருத்திதான் பொண்ணு. கடவுள் இருக்கா இல்லையானு ரெண்டு மணி நேரம் சண்டை. ஏழு பேருமே இல்லைனு சொல்றவங்க, அப்புறம் யார்கிட்ட அத்தன நேரம் வாதாடுனோம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

மூணாவது மாசம் ஒரு அக்கா வந்தாங்க, நெத்தில விபூதியோட. மாமியாருக்குத் தெரியாம வரணும்னா கோயிலுக்குன்னுதான் சொல்லிட்டு வரமுடியும், வேற வழி? ஒரு தம்பி சிரிச்சுட்டே "என்னக்கா, பட்டையோட வந்திருக்கீங்க"ன்னுட்டான். அவ்வளவுதான், அப்புறம் அவங்க வரவே இல்ல. போன் போட்டேன். "ஊட்லயும் கேள்வி, அங்கயும் கேள்வின்னா நான் எங்க கண்ணு போறது"ன்னாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. அப்புறம்தான் குரூப்ல எழுதிப் போட்டோம்: நெத்தி, கைல கட்டுன கயிறு, தாலி, தொப்பி எதப் பத்தியும் யாரும் யாரையும் கேக்கக் கூடாது, கும்பிடறவங்கள நக்கல் பண்ணி வர்ற வீடியோவ இங்க போடக் கூடாது. ரெண்டு பேர் கோவிச்சுட்டு வெளிய போனாங்க. போகட்டும்னு விட்டுட்டோம்.

இடம் கிடைக்கறது அடுத்த தலைவலி. ஒரு சின்ன ஹால்காரர் "என்ன சங்கமுங்க, பஜனைங்களா, சீட்டுங்களா?"ன்னாரு. சும்மா கூடிப் பேசறதுக்குங்கன்னு சொன்னேன். "சும்மாவெல்லாம் குடுக்கறதில்லீங்க"ன்னு முடிச்சுட்டாரு. கடைசில எங்கள்ல ஒருத்தரோட தையல் யூனிட், சிங்காநல்லூர்ல, ஞாயித்துக்கெழம லீவு. மெஷினெல்லாம் செவுத்தோரமா தள்ளிட்டு பாய் விரிப்போம், எண்ண வாசம் அடிக்கும், எந்திரிச்சா பேண்ட் பூரா நூல் பிசிறு. ஆனா காலி நூல் கோன வெச்சு கொழந்தைங்க கோபுரம் கட்டி வெளையாட ஆரம்பிச்சதும்தான் அம்மாக்கள் வர ஆரம்பிச்சாங்க. ஆளுக்கு ஒரு டிபன் கொண்டு வரணும், சாப்பாடு முடிஞ்சுதான் பேச்சு. இந்த வரிசைய மாத்திடாதீங்க, பேச்ச மொதல்ல வெச்சா மறுபடியும் ரேஸ்கோர்ஸ் கதைதான்.

பெருசா தப்பு பண்ணது போட்டோ விஷயத்துல. முஸ்லிம் குடும்பத்துல இருந்து ஒரு பையன் வருவான், நல்லா பேசுவான், வர்றது வீட்டுக்குத் தெரியாது. ஒரு நாள் எங்க பெரியவர், அறுபது தாண்டுனவர், ஆயுசு பூரா கருப்புச் சட்டை, சந்தோஷத்துல ஒரு குரூப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டுட்டாரு. ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பையன்கிட்ட இருந்து போன், கொரல் நடுங்குது. 2017 மார்ச்ல இதே ஊர்ல ஃபாரூக்குன்னு 31 வயசுக்காரர நாத்திகம் பேசுனதுக்காக வெட்டிக் கொன்னது எங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் போட்டோவப் பத்தி ஒரு வார்த்த முன்கூட்டியே சொல்லாம இருந்தது எங்க தப்புதான். பெரியவர எழுப்பி பத்து நிமிஷத்துல எடுக்க வெச்சோம். அந்தப் பையன் நாலு மாசம் வரல. பெரியவர் அடுத்த தடவைல இருந்து போனயே வீட்ல வெச்சுட்டு வர்றாரு, யாரும் கேக்கல. இப்ப போட்டோ கிடையாது, முழுப் பேர் கிடையாது, புதுசா வர்றவங்கள மொதல்ல ஒருத்தர் டீக்கடைல பாத்துப் பேசிட்டுதான் இடத்தச் சொல்றோம்.

சாதி வந்த கதையும் சொல்லணும். 2019ல திருப்பத்தூர் வக்கீல் சினேகா சாதி மதம் இல்லைனு சர்டிபிகேட் வாங்குனாங்கல்ல, அந்த மாதிரி எங்க பாப்பாவுக்கும் வாங்கப் போறேன், ஸ்கூல் ஃபார்ம்ல அந்தக் கட்டத்த காலியா விடலாம்னு 1973லயே அரசாணை இருக்குன்னு ஒரு ஐடி தம்பி உற்சாகமா பேசிட்டு இருந்தான். ஓரமா உக்காந்திருந்த அண்ணன், எஸ்சி, மெதுவா சொன்னாரு: "உனக்கு சாதி வேண்டாம்னா விட்டுரலாம் தம்பி. நான் விட்டாலும் எங்கூர்க்காரன் விடமாட்டான், அந்த சாதி சர்டிபிகேட்ட வெச்சுத்தான் என் பொண்ணு படிக்கறா." கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். தம்பி சர்டிபிகேட் யோசனைய விடல, ஆனா எல்லாரும் வாங்கணும்னு சொல்றத விட்டுட்டான். சாமிய விட்டவங்க எல்லாம் சாதிய விட்டவங்கன்னு நான் நெனச்சுட்டு இருந்ததும் அன்னைக்கோட போச்சு.

போன வருஷம் எங்கள்ல ஒருத்தரோட அப்பா இறந்துட்டாரு. ஒடம்ப மெடிக்கல் காலேஜுக்கு குடுக்கணும்னு எழுதி வெச்சிருந்தாரு. எழுதி வெச்சா போதும்னு நெனச்சுட்டு இருந்தோம், கடைசில வாரிசுங்க சம்மதிச்சாத்தான் நடக்குது. மக ஒத்துக்கல, "எங்கப்பன அறுத்துப் பாக்க உடமாட்டேன்"னு வாசல்ல உக்காந்துட்டாங்க. நாங்க எதும் பேசல. மின் மயானத்துக்குப் போச்சு, பாதி சடங்கும் நடந்துச்சு. சடங்கு ஒழுங்கா பண்ணலைனு சொந்தக்காரங்க பாதிப் பேர் கெளம்பிட்டாங்க, அந்த வீட்ல மூணு நாளைக்கு அடுப்பு எரியல. காலைல இட்லி ஒருத்தர், மத்தியானம் ரசம் சோறு ஒருத்தர்னு நாங்க டர்ன் போட்டுக்கிட்டோம். ரெண்டாவது நாள் ராத்திரி, போட்டோ விஷயத்துல நாலு மாசம் வராம இருந்த அந்தப் பையன் தூக்குவாளியோட வந்து நின்னான். அந்த மக கதவத் தொறந்து "எங்கப்பா கூட்டாளிங்களா, வாங்க"ன்னாங்க. உடல் தானம் எழுதி வெச்சிருக்கறவங்க வீட்ல எல்லார்கிட்டயும் இப்பவே பேசிருங்க, சாவு விழுந்தப்புறம் பேச முடியாது.

இப்ப சராசரியா இருபத்தஞ்சு பேர் வர்றாங்க, பாதி பொம்பளைங்க. விபூதி அக்கா இன்னும் வரல, பொங்கலுக்கு மெசேஜ் மட்டும் போடுவாங்க. மாசாமாசம் மொத ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. இந்த தடவ ஆடி பதினெட்டும் அன்னைக்கே வந்துருச்சு, பாதிப் பேர் வீட்டோட பவானி கூடுதுறைக்குப் போறாங்களாம், அதனால ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கோம்.