பதிவெண் 41: லைன் ஃபாலோயர்

எங்கள் வடசென்னைப் படிப்பகத்து மாடி அறையில், பேட்டையின் பழைய பொருள்களைச் சேர்த்து வைக்க, 'நம்ம பேட்டை' என்று எழுதி ஒட்டிய இரண்டு பீரோ. அதில் இருப்பதெல்லாம் இதுவரை காகிதமும் கோப்பையும்தான். கால்பந்துக் குழு படங்கள், கேரம் போட்டி நோட்டீஸ்கள், 2024-ல் காசிமா கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது தெருவில் ஒட்டிய சுவரொட்டி ஒன்று. பேட்டரி போட்ட சாமான் எதுவும் வந்ததில்லை.

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் இரண்டு அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். 2018-ல் பள்ளி ரோபோ அணியில் இருந்தவள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பெட்டி பரண்மேல் இருந்ததால் தப்பித்தது. "வூட்ல தூக்கிப் போடச் சொல்றாங்கண்ணா. நீங்க வச்சிக்கிறீங்களா?"

கறுப்புக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடும் லைன் ஃபாலோயர் ரோபோ ஒன்று, அணி டீ-ஷர்ட், இரண்டாம் பரிசுக் கோப்பை, நோட்டு, பில்கள், சுருட்டிய ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ்தான் ரோபோ ஓடிய தடம்.

முதல் நாள் பேட்டரியைக் கழற்றுவதிலேயே போனது. 9 வோல்ட் பேட்டரி கசிந்து முனையெல்லாம் வெள்ளைப் பொடி. ஆல்கலைன் பேட்டரியில் இருப்பது காரம் என்பதால், பட்ஸில் வினிகர் தொட்டுத் துடைத்து, அதன்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இன்னொரு பேட்டரி லித்தியம் பாலிமர், அப்பளம் போல உப்பியிருந்தது. அதைத் தொட பயம்தான். அழுத்தாமல் குத்தாமல் எடுத்து மணல் வாளியில் வைத்து, படம் பிடித்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்தேன். அது இருந்த இடத்தில் அதே அளவுக்கு மரக்கட்டை ஒன்றை வெட்டிச் செருகியிருக்கிறேன். பேட்டரி இங்கே இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அடுத்த வாரம் ஒரு முட்டாள்தனம். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக் கடை பில்கள் மங்கிக்கொண்டிருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒன்றை லேமினேஷன் பண்ணக் கொடுத்தேன். மெஷினிலிருந்து முழுக் கறுப்பாக வெளியே வந்தது. அது தெர்மல் காகிதம், சூடு பட்டால் கறுக்கிற மைப்பூச்சு. எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்துக்கு உறைக்கவில்லை. மீதி ஆறையும் ஸ்கேன் செய்து, சாதா தாளில் பிரின்ட் எடுத்து, மூலத்தை இருட்டில் வைத்தாகிவிட்டது. கறுத்துப்போனதையும் தூக்கிப் போடவில்லை. பதிவேட்டில் என் பெயரோடு காரணத்தை எழுதியிருக்கிறேன்.

பாச்சை உருண்டை வேண்டாம் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். டீ-ஷர்ட்டுக்குப் போடலாமே என்று கை போனது. ஆனால் நாப்தலின் ஆவி தெர்மோகோலை இளக்கிவிடும், ரோபோவின் மூக்கு தெர்மோகோல். காசிமேட்டுக் கடல் காற்றில் இங்கே செம்புக் கம்பி பச்சை பூத்துவிடுகிறது, அதனால் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல். ஃபிளெக்ஸை அச்சுப் பக்கம் வெளியே வரும்படி, நடுவில் பழைய வேட்டித் துணி கொடுத்துச் சுருட்டினேன். கோப்பையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரிதான்.

ரோபோவின் முதுகில் அழுக்கேறிய மாஸ்கிங் டேப் ஒரு துண்டு, மார்க்கர் கிறுக்கல். ஓரம் ஏற்கெனவே தூக்கியிருந்தது. உரிக்கப் போனேன். பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துவிட்டாள். "அத்த எடுக்காதீங்கண்ணா!"

டேப்பில் இருந்தது இதுதான்: கிளாஸ் ரூம் 480. ஹால் 610. சாப்பாட்டுக்கு அப்புறம் 700. சென்சார் கீழே அகச்சிவப்பு வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் பார்க்கும்; அதில் வெள்ளை எது, கறுப்பு எது என்று பிரிக்கிற எல்லை எண்கள் அவை. ரோபோவின் மூளையான ஆர்டுயினோ போர்டு அந்த வெளிச்சத்தை 0 முதல் 1023 வரை எண்ணாகப் படிக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. மத்தியானம் ஹாலின் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கியதும் ரோபோ கோட்டை விட்டுவிட்டுத் திரிந்திருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் இந்தப் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்து எண்ணை மாற்றியிருக்கிறார்கள். டேப்பைத் திரும்ப ஒட்டவில்லை, தையல்காரரிடம் வாங்கிய பருத்தி நாடாவால் மேலே லேசாகக் கட்டியிருக்கிறேன்.

நிரல் எழுதிய லேப்டாப் எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்த ஆர்டுயினோவின் (ஊனோ ரகம்) சிப்பில் இருக்கும் 32 கிலோபைட்டுக்குள்தான். ஏவிஆர்டியூட் மென்பொருளில் அதைப் படித்து எடுக்கலாம். கட்டளையில் படிப்பதற்குப் பதில் எழுதுவது என்று ஓர் எழுத்து மாறினால் உள்ளே இருப்பது அழியும். மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். கிடைத்தது சிப்புக்கு மட்டும் புரிகிற எண்கள் நிறைந்த வெறும் ஹெக்ஸ் கோப்பு. மாறிகளுக்கு வைத்த பெயர்கள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எதுவும் அதில் இராது. ஆனால் இன்னொரு சிப்பில் ஏற்றினால் அப்படியே ஓடும்.

மூலத்தை ஓட்டுவதில்லை என்று முடிவு. சக்கர ரப்பர் கல்லாகிவிட்டது. புது ஊனோ, பேட்டரியில் ஓடும் புது பிஓ மோட்டார், அதே ரக சென்சார், சன்போர்டு என்கிற நுரைப் பலகையில் அடித்தளம் என்று நகல் ஒன்று கட்டி, ஞாயிற்றுக்கிழமை படிப்பகத் தரையில் வெள்ளை சார்ட் விரித்து, ஃபிளெக்ஸின் அளவிலேயே கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் கோடு போட்டோம். பழைய அணியில் மூன்று பேர் வந்திருந்தார்கள், ஒருத்தி கைக்குழந்தையோடு.

இரண்டு வளைவு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் கோட்டை விட்டுப் பிரிந்து பீரோவில் முட்டிக்கொண்டது. நான் சென்சாரைத் திருகப் போக, மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்பவும் அங்கதாண்ணா வெளிய போவும்."

பதிவேட்டில் 41-க்கு நேரே அதையும் எழுதிக்கொண்டேன்.