அஞ்சு சிஎன்சி ஆள் எடுக்க ஆறு மாதம் அலைந்த கதை

கோயம்புத்தூர் கணபதி பக்கம் மற்ற கம்பெனிகளுக்கு உலோகப் பாகங்கள் கடைந்து கொடுக்கிற ஜாப் ஒர்க் ஷெட் வைத்திருக்கிறேன். எட்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் கடைசல் மெஷின்), நாலு விஎம்சி (அதே மாதிரி ஓடும் மில்லிங் மெஷின்), கான்ட்ராக்ட் ஆட்களோடு மொத்தம் 34 பேர். ஒரே மாதத்தில் மூன்று ஆபரேட்டர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், நைட் ஷிஃப்டில் ரெண்டு மெஷின் ஓடாமல் கிடந்தது, லோன் மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பக்கத்து ஷெட்காரர் சொன்னார், அரசு செலவில் மூன்று மாதப் பயிற்சி முடித்த பிள்ளைகளை எடுங்க என்று. மாநில திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகவும் நடக்கிறது, மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டத்திலும் நடக்கிறது. யோசனை நல்ல யோசனைதான். நான் போன விதம்தான் தப்பு.

முதல் மையத்துக்கு போன் போட்டேன். "சனிக்கிழமை பேட்ச் முடியுதுங்க சார், 25 பேர் ரெடியா இருக்காங்க, வந்து எடுத்துக்கங்க" என்றார்கள். சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு 70 கிலோமீட்டர் போனால் இருந்தது ஒன்பது பேர். மிச்சப் பேரில் பாதி ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயாச்சு, மீதி எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சரி, வந்ததற்கு இருப்பவர்களைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். மெஷினுக்குக் கொடுக்கிற கட்டளைகளான ஜி கோடு, எம் கோடு கேட்டால் மனப்பாடமாகச் சொன்னார்கள். பையிலிருந்த 18 மில்லி ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்தேன், ஒன்பது பேரில் ஒருவர்தான் சரியாக அளந்தார். அங்கே இருந்தது ஒரே மெஷின், அதுவும் அலாரம் வந்து நிற்கிறது, பயிற்சி முழுக்கக் கம்ப்யூட்டர் திரையில்தான். ஒரு பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, மூணு மாசத்துல நாலு தடவைதான் மெஷினைத் தொட்டோம்" என்றான். எனக்குக் கோபம் அவன் மேல் இல்லை. மூன்று மாதம் வீட்டை விட்டு வந்து தங்கிப் படித்த பிள்ளைக்குச் செய்கிற வேலையா அது?

அதனால் சொல்கிறேன், பேட்ச் முடிகிற அன்று போகாதீர்கள். தொடங்குவதற்கு முன்னால் போங்கள். போனதும் மெஷின் ஓடுகிறதா, கீழே சிப்ஸ், அதாவது வெட்டின இரும்புச் சுருள், கிடக்கிறதா என்று பாருங்கள். பிளேஸ்மென்ட் பார்க்கிறவரிடம் பேசுவதை விடப் பாடம் எடுக்கிறவரிடம் பத்து நிமிடம் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

ரெண்டாவது மையம் பக்கத்திலேயே கிடைத்தது. பாடம் எடுத்தவர் பழைய டூல் ரூம் ஆள், நல்ல மனுஷன். எங்கள் ட்ராயிங் ஆறு, வெட்டி மிஞ்சின பார் துண்டுகள், பாதி தேய்ந்த இன்சர்ட் (மெஷினில் மாட்டும் வெட்டு முனை) எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைசி மாதம் வாரத்தில் ரெண்டு நாள் பிள்ளைகளை எங்கள் ஷெட்டுக்கே அனுப்பச் சொன்னேன். அவர் உடனே சரி என்றார். ஆபீஸில்தான் இழுத்தடித்தார்கள். முதல் நாள் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்டார்கள். கொடுத்தேன். அடுத்த தடவை ஜிஎஸ்டி சான்றிதழ். அதற்கடுத்து சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ். "ஏனுங்க, எல்லாத்தையும் முதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். "நீங்க கேக்கலீங்களே" என்றார் அங்கிருந்தவர். மூன்று காகிதத்துக்கு மூன்று அரை நாள் போச்சு. நீங்கள் போகும்போது இந்த மூன்றோடு பான் நகல், ஆட்கள் எண்ணிக்கை எழுதின கடிதம், கம்பெனி சீல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போய்விடுங்கள்.

ஷெட்டுக்கு ஏழு பேர் வந்தார்கள். அதே ஷாஃப்ட் பரீட்சைதான். தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி ரெண்டு முனையிலும் நடுவிலும் அளந்துவிட்டு, "சார், ஒரு பக்கம் மூணு நூறு ஜாஸ்தியா இருக்கு, டேப்பர் போகுது" என்றாள். நூறில் மூன்று என்றால் 0.03 மில்லி, டேப்பர் என்றால் ஒரு பக்கம் பருத்து மறு பக்கம் சிறுத்துப் போவது. எங்கள் இன்ஸ்பெக்ஷனில் ஓகே போட்டு வைத்த பீஸ் அது! திரும்ப அளந்தோம், அவள் சொன்னது சரி. அன்று ராத்திரி வீட்டில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அஞ்சு பேரைத் தேர்ந்தெடுத்து அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) ஒப்பந்தத்தில் எடுத்தோம். 30 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் இது எப்படியும் கட்டாயம்தான், மொத்த ஆட்களில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை. எங்கள் 34 பேருக்கு அதிகபட்சம் அஞ்சு. உதவித்தொகை மாதம் 12,000 என்று வைத்தேன். சட்டப்படியான குறைந்தபட்சத்தை மட்டும் கொடுத்தால் கோயம்புத்தூரில் ரூம் வாடகைக்கே போய்விடும். தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் அரசு 25 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 1,500 ரூபாய் வரைதான் தருகிறது. அது இப்போது நம் கணக்குக்கு வருவதில்லை, நேரே பிள்ளைகள் கணக்குக்குப் போகிறது. மீதி 10,500 நம் பங்கு. பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் கிடையாது, ஆனால் அடிபட்டால் இழப்பீடு நம் பொறுப்பு. ஈஎஸ்ஐ இல்லாத ஆள் மெஷினில் நிற்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள், நான் முதல் நாளே விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டேன்.

இனிஷியல் விஷயத்தில்தான் ரொம்ப நொந்துபோனேன். ஒரு பையனுக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது, மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், பயிற்சிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. அப்ரண்டிஸ் பதிவு மூன்று வாரம் நின்றது. இன்னொருவனுக்கு ஆதாரோடு இணைந்த நம்பர் எப்போதோ தொலைத்த சிம், ஓடிபி எங்கே வரும்? பேட்ச் தொடங்கும்போதே ஒவ்வொருவரின் ஆதார், மார்க்‌ஷீட், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திருத்த அவர்களுக்கும் மூன்று மாதம் இருக்கும்.

ரெண்டாவது வாரம் ரெண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். வேலை கஷ்டம் என்று நினைத்தேன், விசாரித்தால் ரூம் அட்வான்ஸ் கட்டப் பணமில்லை. வாயைத் திறந்து கேட்கக் கூச்சம். உடனே ஷெட்டுக்குப் பின் தெருவில் ஒரு வீட்டைப் பிடித்தேன். ஒருவன் திரும்பி வந்தான், இன்னொருவன் வரவில்லை. முதல் நாளே தங்க என்ன ஏற்பாடு என்று கேட்டிருந்தால் அவனும் இன்று இங்கே இருந்திருப்பான், அது இன்னமும் உறுத்துகிறது.

இப்போது நாலு பேர் வேலையில் இருக்கிறார்கள். அவர்களைப் பகலில் வைத்துக்கொண்டு சீனியர்களை நைட்டுக்கு மாற்றினேன், நின்ற ரெண்டு மெஷினும் ஓடுகிறது. டேப்பர் கண்டுபிடித்த பெண் ஆஃப்செட்டும் (அளவு விலகினால் மெஷினில் போடும் திருத்தம்) போடக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

திரும்பி வந்த பையனுக்கு மட்டும் அரசுப் பங்கு மூன்று மாதமாக ஏறவில்லை. பேங்கில் "ஆதார் லிங்க் ஆகியிருக்கு" என்று சொல்லி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது, நேரடி மானியம் வர அந்தக் கணக்கை என்பிசிஐ (தேசியப் பணப்பட்டுவாடா கழகம்) பட்டியலில் ஏற்ற வேண்டும், அதற்குத் தனியாகச் சம்மதப் படிவம் உண்டு. அதைப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை நானே கூடப் போய் நின்று படிவம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று சாயங்காலம் 4,500 ரூபாயும் மொத்தமாக ஏறியிருக்கிறது, மெசேஜை எடுத்துக்கொண்டு மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.