ஜப்பானில் டாக்ஸி பிடிக்க எவ்வளவு ஜப்பானிய மொழி வேண்டும்?

ஜப்பான் போகிறவர்கள் வாங்கும் கையடக்கப் புத்தகங்களில் டாக்ஸிக்கென்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். "தயவுசெய்து என்னை இந்த விடுதிக்கு அழைத்துச் செல்ல முடியுமா", "விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு பணம் ஆகும்" என்று வரிசையாகப் பத்துப் பதினைந்து வாக்கியங்கள். இதை விமானத்தில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் கட்சி வேறு. பேசுவதற்கு இரண்டு சொல் போதும், மிச்ச நேரத்தை ஓட்டுநர் நம்மிடம் என்ன கேட்பார் என்று காதில் வாங்கிப் பழகுவதில் செலவழியுங்கள்.

அந்த இரண்டு: 'மதெ', 'ஒனெகாய் ஷிமாஸ்'. முதலாவது 'வரை', இரண்டாவது பணிவாகக் கேட்டுக்கொள்வது. போகவேண்டிய இடத்தின் பெயரை முன்னால் போட்டால் வேலை முடிந்தது. "டோக்கியோ எகி மதெ ஒனெகாய் ஷிமாஸ்." எகி என்றால் ரயில் நிலையம். டோக்கியோ நிலையம் வரை, ப்ளீஸ். ஆங்கிலத்தில் படித்து ஜப்பானியம் கற்பவன் இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுத் திணறுவான், நமக்கு அந்தச் சிக்கலே கிடையாது. வினைச்சொல் கடைசியில், 'இல்', 'வரை', 'முன்னால்' எல்லாம் பெயருக்குப் பின்னால், அப்படியே நம் வரிசை. (ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இதை வைத்தும் இன்னும் பலவற்றை வைத்தும் இரண்டும் உறவு மொழிகள் என்றே வாதாடினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. டாக்ஸிக்கு அந்த வழக்கு தேவையில்லை, வரிசை ஒன்றாக இருக்கிறதா, பயன்படுத்திக்கொள்வோம்.)

தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மதெ'யில் வரும் த, 'அது' என்பதில் வருகிற மென்மையான த. பின்னால் கேள்விகளில் வரப்போகும் 'தெஸ்' என்று நான் எழுதுவது 'தெய்வம்' என்று பேச்சில் சொல்வோமே, அந்தத் தொடக்கம். குறில், நெடில், ஒற்று மிகுதல் எல்லாம் நம் காதுக்குப் பழகியவை என்பதால் அதில் நாம் வெள்ளைக்காரர்களைவிடத் தேறிவிடுவோம். மாட்டிக்கொள்வது க-வில்தான். கியோட்டோவில் கின்காகுஜி என்று தங்கத் தகடு போர்த்திய கோயில் ஒன்று, நகரத்தின் வடமேற்கு மூலையில். கின்காகுஜி என்று இன்னொன்று, வெள்ளிக் கோயில் என்று பெயர், ஆனால் வெள்ளி ஒன்றும் பூசியிருக்காது, கிழக்கே மலையடிவாரத்தில். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கிறது பாருங்கள்! தங்கக் கோயிலுக்கு 'கிண்ணம்' என்பதன் கி, வெள்ளிக் கோயிலுக்கு 'கீதை' என்பதில் கேட்கிற அழுத்தமான ஒலி, ஆனால் குறுக்கி. நகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம், மீட்டரும் அதற்கேற்ற மாதிரி ஓடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் வாயை நம்பாமல் கைபேசியில் படத்தைக் காட்டிவிடுவது நல்லது.

சரி, வண்டியைப் பிடிப்போம். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்குப் பலகை எரியும். சிவப்பில் இரண்டு எழுத்து இருந்தால் பெரும்பாலும் அது 'கூஷா', அதாவது காலி வண்டி. சிவப்பைப் பார்த்து 'ஆள் இருக்கிறது போல' என்று நினைத்துக் கையைக் கீழே போட்டுவிடுவது புதிதாக வருகிற எல்லோரும் செய்வது. பச்சையில் எரிவதுதான் ஆள் ஏற்றிப் போகிற வண்டி. 'காய்சோ' என்று இருந்தால் ஷெட்டுக்கோ ஓய்வுக்கோ போகிறது, நிற்காது. இந்த எழுத்துகளைப் படிக்கக் கற்கவேண்டாம், 'கூஷா'வின் உருவத்தை மட்டும் ஒரு படமாக மனதில் வைத்துக்கொண்டால் போதும். கையைக் காட்டினால் நிற்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. டோக்கியோவில் கின்சா பகுதியில் வார நாட்களில் இரவு 10 மணியிலிருந்து 1 மணி வரை 'நொரிபா' எனப்படும் டாக்ஸி நிறுத்தத்தில் வரிசையில் நின்றுதான் ஏறவேண்டும்.

வண்டி நின்றதும் பின்பக்க இடது கதவு தானாகத் திறக்கும். தொடாதீர்கள். ஓட்டுநர் தன் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலால் திறப்பது அது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பரவியது இந்த ஏற்பாடு. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் இடது கதவுதான் நடைபாதைப் பக்கம், வலப்பக்கக் கதவை விட்டுவிடுங்கள். பெட்டி இருந்தால் ஏறுவதற்கு முன்பே "தொரன்க்கு ஒனெகாய் ஷிமாஸ்" என்றால் டிக்கியைத் திறந்து அவரே தூக்கி வைப்பார். பார்த்தீர்களா, மறுபடியும் அதே ஒனெகாய் ஷிமாஸ்.

இப்போது அவர் பேசுவார். இந்த இடத்தில்தான் புத்தகங்கள் கைவிடுகின்றன. முதல் கேள்வி எப்போதும் "தொச்சிரா மதெ தெஸ் க?" எதுவரை என்று கேட்கிறார். நாம் இடத்தைச் சொன்னதும் 'கஷிக்கொமரிமாஷ்த்தா' என்று ரயில்பெட்டி நீளத்துக்கு ஒன்று வரும், பயப்படவேண்டாம், 'ஆகட்டும் ஐயா' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அடுத்து 'ஷீத்தொ பெருத்தொ' என்று காதில் விழுந்தால் சீட் பெல்ட். 'மிச்சி' என்று ஏதாவது வந்தால் வழி. எந்த வழியாகப் போகட்டும் என்று கேட்கிறார், பிறகு 'நீங்கள் சுற்றிப் போனீர்கள்' என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வரக்கூடாதே. பதில் "ஒமக்கசெ ஷிமாஸ்", உங்கள் இஷ்டம். 'கோசொக்கு' என்று கேட்டால் கவனம். அது சுங்கச் சாலை, அந்தச் சுங்கம் நம் தலையில்தான் விழும். சரி என்றால் 'ஹாய்', வேண்டாம் என்றால் "ஷித்தா தெ ஒனெகாய் ஷிமாஸ்", கீழே போகிற சாதாரண சாலையிலேயே போங்கள் என்று அர்த்தம்.

இடத்தின் பெயரைச் சொல்வதிலும் கொஞ்சம் சூட்சுமம் உண்டு. உலகிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் நிலையம் ஷின்ஜுக்கு, "ஷின்ஜுக்கு எகி" என்று மட்டும் சொன்னால் எந்த வாசல் என்று உடனே திருப்பிக் கேட்பார். மேற்கு வாசல் 'நிஷிகுச்சி', கிழக்கு 'ஹிகஷிகுச்சி', தெற்கு 'மினமிகுச்சி', பெயரோடு ஒட்டிச் சொல்லிவிடுங்கள். ஹனேதா விமான நிலையம் என்றால் 'ஹனேதா கூகோ, தாய்சான் தாமினரு'. மூன்றாவது முனையம். முன்பு சர்வதேச முனையம் என்று அழைக்கப்பட்டது, 2020 மார்ச்சில் பெயரை மாற்றினார்கள். நரித்தா விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போவதைப் பற்றி நான் சொல்லமாட்டேன், நகரத்திலிருந்து இருபதாயிரம் யென்னுக்கு மேல் ஆகும், ரயிலில் போங்கள்.

சின்ன விடுதி, யாரோ நண்பர் வீடு என்றால் கதை வேறு. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, அதற்குள் பிரிவு எண், அதற்குள் மனைத்தொகுதி எண், அதற்குள் கட்டட எண் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிவருவதுதான் முகவரி. அதை வாயால் சொல்வது வீண் வேலை. ஜப்பானிய எழுத்தில் இருக்கும் முகவரியை நீட்டி "கொனொ ஜூஷொ மதெ ஒனெகாய் ஷிமாஸ்" என்றால் போதும். இன்னொரு வழி தொலைபேசி எண். அங்குள்ள வழிகாட்டிக் கருவிகளில் கடை, விடுதிகளின் எண்ணை அடித்தாலே இடம் வந்துவிடும். கனசாவா நிலையத்தின் வெளியே வெள்ளைக் கையுறை போட்ட வயதான ஓட்டுநர் ஒருவர், நான் நீட்டிய விடுதிச் சீட்டில் முகவரியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு எண்ணை மட்டும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார், 'ஸெரோ, நானா, ரொக்கு' என்று. கடைசி எண்ணைத் தொட்டதும் வரைபடம் விரிந்தது, "ஹாய்" என்று எனக்கும் கருவிக்கும் பொதுவாக ஒரு தலையசைப்பு, கிளம்பிவிட்டார்.

கியோட்டோ மட்டும் விதிவிலக்கு. கட்டம் கட்டிய நகரம், பெரிய தெருக்களுக்குப் பெயர் உண்டு, இரண்டு தெருப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் சந்திப்பு. அதற்குப் பின்னால் 'அகரு' என்றால் அங்கிருந்து வடக்கே, 'சகரு' என்றால் தெற்கே. ஹொன்னோஜி கோயிலுக்கு 'தெரமாச்சி ஒய்கெ சகரு' என்று சொல்லிப் பாருங்கள், தெரமாச்சித் தெருவும் ஒய்கெ தெருவும் சேரும் இடத்திலிருந்து தெற்கே என்று பொருள், ஓட்டுநர் கண்ணாடி வழியாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அந்த அற்ப சந்தோஷத்துக்காகவே கற்றுக்கொள்ளலாம்.

வழி சொல்ல: வலது 'மிகி', இடது 'ஹிதரி', நேரே 'மஸ்ஸுகு'. 'மிகி'யின் க, 'தங்கம்' என்பதில் வருகிற க. அடுத்த சிக்னலில் வலது என்றால் "ட்ஸுகி நொ ஷிங்கோ, மிகி தெ ஒனெகாய் ஷிமாஸ்". நிறுத்தச் சொல்ல "கொக்கொ தெ தொமெத்தெ குதசாய்", இங்கே நிறுத்துங்கள். மூலைக்கு மூலை இருக்கிற 24 மணி நேரக் கடைகளுக்கு 'கொன்பினி' என்று பெயர், "கொன்பினி நொ மயெ தெ" என்றால் கடைக்கு முன்னால். எனக்கு இந்த ஒன்று கைகொடுத்த அளவுக்கு வேறெதுவும் கைகொடுத்ததில்லை, ஏனென்றால் எந்த வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கொன்பினி இருக்கும்.

'எவ்வளவு' என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை, மீட்டரில் எண் தெரியும், அதுதான் விலை. டோக்கியோ நகருக்குள் 2022 நவம்பரில் மாற்றியமைத்தபோது முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென், பிறகு 255 மீட்டருக்கு 100 யென் என்று வைத்தார்கள். அந்த 1.096-ஐ யார் உட்கார்ந்து அளந்தார்களோ! இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல். அட்டை என்றால் "காதொ தெ ஒனெகாய் ஷிமாஸ்". ரொக்கம் என்றால் கையில் கொடுக்காமல் முன்னால் நீட்டப்படும் சின்னத் தட்டில் வைக்கவேண்டும். பத்தாயிரம் யென் தாள் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஏறும்போதே "இச்சிமான் என் தெமொ தைஜோபு தெஸ் க" என்று கேட்டுவிடுங்கள், எல்லோரிடமும் சில்லறை இருக்காது. டிப்ஸ் கிடையாது, வற்புறுத்திக் கொடுத்தால் சங்கடப்படுவார்கள்.

செயலி வைத்து அழைத்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பெரிய நகரங்களில் நியாயமான கேள்விதான், இடத்தையும் பணத்தையும் செயலியே பார்த்துக்கொள்ளும். ஆனால் சின்ன ஊர் நிலையத்தில் ராத்திரி இறங்கினால் செயலி 'அருகில் வண்டி இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கும், வெளியே நொரிபாவில் ஒற்றை டாக்ஸி நின்றுகொண்டிருக்கும்.

இறங்குமுன் மறக்காமல் "ரெஷீத்தொ குதசாய்" என்று ரசீது வாங்குங்கள். அலுவலகத்தில் காட்ட மட்டும் இல்லை, நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் வண்டியின் எண்ணும் அதில்தான் இருக்கும். பையையோ குடையையோ விட்டுவிட்டு வந்தால் விடுதி வரவேற்பில் அந்தச் சீட்டை நீட்டி, "தக்ஷீ நி கபான் ஓ வசுரெமாஷ்த்தா" என்று சொல்லுங்கள். டாக்ஸியில் பையை மறந்துவிட்டேன். மிச்சத்தை அவர்கள் போனில் பேசிக்கொள்வார்கள்.