ஏரியை விடுங்கள், வாய்க்காலில் தொடங்குங்கள்

பெங்களூரில் ஏரி வேலை என்றாலே பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு கரையோரம் பிளாஸ்டிக் பொறுக்குவதுதான் நினைவுக்கு வரும். கரை பளிச்சென்று ஆகும். நல்ல மழை ஒன்று பெய்தால் மறுநாள் பழைய கதை. குப்பையும் சாக்கடையும் வருவது ராஜகாலுவே, அதாவது மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் பெரிய கால்வாய் வழியாக. அதனால் எங்கள் மாணவர் குழுக்களை முதலில் வரத்துக் கால்வாய் ஓரமாகத்தான் நடக்க வைக்கிறோம்.

இதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச். மழையே இல்லாத நாளில் மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது பெரும்பாலும் கழிவுநீர்தான். காலை 7 முதல் 9 மணிக்குள், வீடுகளில் குளியலும் சமையலும் நடக்கும் நேரத்தில், ஏரி வாயிலிருந்து மேலே போக வேண்டும். உள்ளே யாரும் இறங்கக் கூடாது. ஒவ்வொரு குழாய் வாயையும் இடக்குறியோடு படமெடுத்து நேரம், நிறம், வாடை மூன்றையும் எழுத வேண்டும். சோப்பு நுரையோடு சாம்பலாக வந்தால் குளியலறைத் தண்ணீர். கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் எங்கோ தேங்கிக் கிடந்த சாக்கடை. மேன்ஹோல் பொங்கி வழிந்தால் கீழே குழாய் அடைத்திருக்கிறது.

புகார் எழுதுவதில்தான் பாதி வேலை வீணாகிறது. குழாயும் மேன்ஹோலும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. அழைக்க வேண்டிய எண் 1916. கால்வாயின் சுவரும் வண்டலும் மாநகராட்சியின் மழைநீர்க் கால்வாய்ப் பிரிவைச் சேர்ந்தவை. ‘கால்வாய் நாறுகிறது’ என்று பொதுவாக எழுதினால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். ஒரு புகாருக்கு ஒரு குழாய், படத்தோடு. புகார் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த குழாய்.

தண்ணீர்ப் பரிசோதனையை விடியுமுன் செய்யுங்கள். பாசி பகலெல்லாம் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். மாலையில் அளந்தால் நோயாளி ஏரியும் நலமாகத் தெரியும். மீன் வளர லிட்டருக்கு 4 மி.கி. ஆக்சிஜனாவது வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. 300 மி.லி. கண்ணாடிப் புட்டியைக் குமிழி தங்காமல் நிரப்பி, பிப்பெட் (அளவுக் குழல்) முனையை நீருக்குள் அமிழ்த்தி மாங்கனீஸ் சல்பேட் 2 மி.லி., அடுத்து காரம் கலந்த அயோடைடு 2 மி.லி. விட்டு, மூடிக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அந்த வெள்ளையைப் பார்த்த பிள்ளைக்கு மீன் ஏன் சாகிறது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததை ஊரே பார்த்தது. இதற்குப் பிறகு வரும் அமிலமும், சொட்டுச் சொட்டாக விட்டு ஆக்சிஜன் அளவைக் கணக்கிடும் டைட்ரேஷனும் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் கையால்தான். காரத்தைக் கையாளவே கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

கால்வாயில் குப்பைத் தடுப்புக்கு 110 மி.மீ. பிவிசி குழாய்களின் இரு முனையையும் மூடி ஒட்டி, வரிசையாகக் கட்டி மிதக்கவிட்டு, கீழே 30 செ.மீ. நைலான் வலை தொங்கவிட்டால் போதும். நேர்க்குறுக்காகக் கட்டினால் நடுவில் குப்பை குவிந்து கயிறு அறும். சாய்வாகக் கட்டினால் ஒரு கரைக்கு ஒதுங்கும், அங்கிருந்தே வாரலாம். தரைவரை வலை விடாதீர்கள், வெள்ளம் தேங்கித் தாழ்வான வீடுகளுக்குள் புகும். ஒரு முனையில் வேண்டுமென்றே மெல்லிய கயிறு கட்டுங்கள். பெருமழையில் அது முதலில் அறுந்து வழிவிடும். எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் கட்ட வேண்டாம்.

ஏரியை மூடிப் படரும் ஆகாயத்தாமரை ஏற்ற சூழலில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். பூக்குமுன் எடுக்க வேண்டும். விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். எடுத்ததை உள்சரிவில் போட்டால் அழுகி, உறிஞ்சிய சத்தெல்லாம் மறுபடி ஏரிக்கே போகும். கரைக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைக்க வேண்டும். தண்ணீரில் இறங்குவது பயிற்சி பெற்ற பெரியவர்கள் மட்டும். எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் கரை வேலைக்கும் வர வேண்டாம்.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டிப் போகிற தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியே தீப்பிடித்துப் புகைந்தது. அணையில் நுரை பொங்குவதைப் படத்தில் பார்த்து வருத்தப்படும் நம் மக்கள், நம் தெருக் குழாய் எங்கே திறக்கிறது என்று ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும்.

மார்ச்சில்தான் தேர்வும் வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நம்பி அட்டவணை போட்டால் சரியான நேரத்தில் ஆள் இருக்காது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை டிசம்பரிலேயே அண்ணன், அக்காமாரோடு நடக்க வைத்து, ஜனவரிக்குள் பதிவேட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.